இசை இதழின் கவர்ச்சி முன்னட்டையில் இல்லை

இசை இதழை எப்படி வடிவமைத்தால் வாசகரைக் கவரும் என்று யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில் வருகிறது. அட்டை முழுக்க ஒரு பாடகரின் முகம் வேண்டும். அந்த முகம் நம் கண்ணை நேராகப் பார்க்க வேண்டும். மேலே கொட்டை எழுத்தில் இதழின் பெயர். இடது ஓரத்தில், உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று சொல்லும் தலைப்புகள். மூன்று நிறத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு மூலையில் ‘இலவச இணைப்பு’ என்று கூவும் வட்டம். பிரிட்டனில் இது பாடமாகவே ஆகிவிட்டது. அங்கே மேல்நிலைப் பள்ளி ஊடகப் பாடத்தில், புதிய இசை இதழ் ஒன்றுக்கு முன்னட்டை, உள்ளடக்கப் பக்கம், ஓர் இரட்டைப் பக்கக் கட்டுரை ஆகியவற்றைத் தயாரிப்பது பல ஆண்டுகள் வழக்கமான செய்முறைப் பயிற்சியாக இருந்தது. மாணவர்கள் ‘கியூ’, ‘கெராங்’, ‘என்எம்இ’ அட்டைகளை எதிரே வைத்து, அம்புக்குறி போட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி, பிறகு அதையே தங்கள் இதழிலும் செய்தார்கள்.

இந்தப் பட்டியலோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதில் உள்ள ஒவ்வொன்றும் கடையில் இதழைக் கையில் எடுக்கவைக்கும் உத்தி. எடுத்தவர் அடுத்த வாரமும் ஏன் தேடி வந்தார், படித்து முடித்ததை எடைக்குப் போடாமல் ஏன் கட்டி வைத்தார் என்பதற்கு அதில் விடை கிடையாது. இசை இதழ்மேல் வாசகருக்கு இருந்த பிரியம் உள்பக்கங்களின் அமைப்பால் வந்தது. விற்பனை வரிசை அட்டவணை, விமர்சனப் பத்தி, பாடல் வரிகள், இந்த வாரக் கச்சேரிகள், பொடி எழுத்து வரி விளம்பரம் என்று வடிவமைப்புப் பாடத்தில் யாரும் அம்புக்குறி போடாத இடங்கள் அவை. இதை மறந்து, அட்டையே இதழ் என்று நம்பியவர்கள் நல்ல இதழ்களைக் கெடுத்தார்கள்.

‘இடது ஓர விதி’யையே எடுத்துக்கொள்வோம். வாசகரின் கண் இடமிருந்து வலமாகப் போவதால் முக்கியமான தலைப்புகளை இடப்பக்கம் வைக்கிறார்கள் என்று அதற்கு மனோதத்துவ விளக்கமெல்லாம் தருகிறார்கள். உண்மைக் காரணம் எளிது. மேலைநாட்டு இதழ்க் கடைகளின் அலமாரியில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து நிற்கும். வெளியே தெரிவது இடது ஓரம் மட்டும். நம்மூர்ப் பெட்டிக்கடையில் இதழ்களைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். அங்கே இந்த விதிக்கு வேலையே இல்லை. அலமாரி மாறினால் காலாவதியாகும் ஒன்றை வாசகரின் ரசனை என்று சொல்லிக்கொடுப்பது சரியில்லை.

அட்டைக் கொள்கையை மறுக்க என்எம்இ-யின் கதை ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். 1952-ல் லண்டனில் தொடங்கிய வார இதழ் அது. முழுப்பெயர் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’. அந்த ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி இதழில் ஒரு சிறிய அட்டவணை வந்தது. விளம்பரப் பிரிவில் இருந்த பெர்சி டிக்கின்ஸ், சுமார் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எந்தத் தட்டு அதிகம் விற்கிறது என்று கேட்டுத் தொகுத்தது. பன்னிரண்டு இடங்கள்; சமநிலை வந்ததால் பதினைந்து பாடல்கள். முதலிடத்தில் அமெரிக்கப் பாடகர் ஆல் மார்ட்டினோ. பிரிட்டனின் முதல் தனிப்பாடல் விற்பனை வரிசை அதுதான். அச்சில் பார்த்தால் எண், பாட்டின் பெயர், பாடியவர், நிறுவனம், அவ்வளவே. ஆனால் வாசகர் அதில் என்ன செய்தார் என்று யோசியுங்கள். போன வாரத் தாளோடு ஒப்பிட்டார். தனக்குப் பிடித்த பாட்டு ஏறியதா இறங்கியதா என்று விரலை வைத்துத் தேடினார். மறுநாள் நண்பரோடு அதைப் பற்றிச் சண்டை போட்டார். ஒரு தாளில் அச்சான சில வரிகள் ஒரு தலைமுறைக்கு வாராந்தரப் பேச்சைக் கொடுத்தன. இது வடிவமைப்பு இல்லையென்றால் வேறு எது வடிவமைப்பு?

அந்த இதழ் 1964-ல், பீட்டில்ஸ் அலை உச்சத்தில் இருந்தபோது, வாரம் 3,06,881 பிரதிகள் விற்றது. காகிதம் மட்டமான செய்தித்தாள் ரகம். அந்தக் காலத்து என்எம்இ-யின் முதல் பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பல வாரங்களில் அது இசைத்தட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்ட விளம்பரம். முன்னட்டை என்று எதைச் சொல்கிறோமோ, அதையே காசுக்குக் கொடுத்துவிட்டு அந்த இதழ் தன் சரித்திரத்தின் மிகப் பெரிய விற்பனையைக் கண்டது.

இனி 2015-க்கு வருவோம். விற்பனை பதினைந்தாயிரம் அளவுக்கு இறங்கியிருந்தது. இதழை இலவசமாக்கினார்கள். வழவழப்பான தாள், அட்டையில் பெரிய நட்சத்திரங்கள்; இலவசமாக வந்த முதல் இதழில் ரிஹானா. பாடத்தில் சொல்லும் எல்லா விதியும் அதில் இருந்தது. ரயில் நிலையத்திலும் கல்லூரி வாசலிலும் கடைகளிலும் அள்ளிக்கொண்டு போனார்கள். அப்போது கணக்கிட்ட சராசரி 3,07,217 பிரதிகள். 1964-ன் சாதனையை 336 பிரதிகளால் முறியடித்துவிட்டோம் என்று மகிழ்ந்தார்கள். இரண்டரை ஆண்டுக்குள், 2018 மார்ச்சில், வார இதழை நிறுத்திவிட்டார்கள்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அட்டையின் வேலை இதழைக் கையில் எடுக்கவைப்பது என்றால், 2015-ன் அட்டை அந்த வேலையை முழுமையாகச் செய்தது. அத்தனை பேர் எடுத்தார்கள். ஆனாலும் இதழ் நின்றுபோனபோது, வாரம் தவறாமல் தேவைப்பட்ட ஒன்று போய்விட்டதாக உணரும் அளவுக்கு அதை நம்பியிருந்தவர்கள் மிகக் குறைவு. எந்தப் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது வேண்டியதில்லை. கச்சேரி எங்கே என்று பார்க்க வேண்டியதில்லை. புதுத் தட்டை வாங்கலாமா என்று கேட்க வேண்டியதில்லை. அதை விட்டால் ஆள் இல்லை என்று சொல்லத்தக்க ஒரு பக்கம்கூட இல்லாமல் ஒரு வார இதழ் எப்படி நிற்கும்?

“இதற்கெல்லாம் காரணம் இணையம்; வடிவமைப்பைக் குறை சொல்லாதே” என்பார்கள். இணையம் வந்து இதழ்களின் பாதி வேலையைப் பறித்துக்கொண்டது உண்மை. மறுக்கவில்லை. ஆனால் அது எந்தப் பாதியைப் பறித்தது என்று பார்க்க வேண்டும். வரிசை அட்டவணை, பாடல் வரிகள், கச்சேரித் தேதிகள், ‘டிரம்மர் தேவை’ விளம்பரம் எல்லாம் அங்கே போயின. அவை போனதும் வாசகரும் கூடவே போனார். நட்சத்திரத்தின் பெரிய முகம் மட்டும் இதழிலேயே இருந்தது. அதற்காக யாரும் இருக்கவில்லை. வாசகர் எதற்காக வந்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? இணைய வாதம் என் பக்கத்தைத்தான் பலப்படுத்துகிறது.

வரி விளம்பரம் என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். அதுவும் ஒரு வடிவமைப்பா என்று. 1967-ல் லிபர்ட்டி என்ற இசைத்தட்டு நிறுவனம் புதிய திறமைகளைத் தேடி என்எம்இ-யில் ஒரு விளம்பரம் கொடுத்தது. பாட்டு எழுத வராத ஒரு பியானோக்காரப் பையனும், மெட்டுப் போடத் தெரியாத ஒரு கிராமத்துப் பையனும் தனித்தனியாக அதற்கு விண்ணப்பித்தார்கள். எல்டன் ஜானும் பெர்னி டாப்பினும் சந்தித்தது அப்படித்தான். 1926-ல் தொடங்கிய ‘மெலடி மேக்கர்’ இந்த விளம்பரங்களுக்கே பேர்போனது. ஜெனிசிஸ் குழுவுக்கு 1970-ல் டிரம்மராகப் பில் காலின்ஸ் கிடைத்தது அந்த இதழின் விளம்பரம் வழியாக. அதே குழுவின் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாக்கெட், தானே அதில் விளம்பரம் கொடுத்துக் குழுவுக்குள் போனவர். வாத்தியம் வாரியாகப் பிரித்து, நெருக்கி அடுக்கி, கண்ணுக்குச் சிரமம் தரும் எழுத்தில் அச்சான பத்திகள் அவை. அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். வாடகை அறையில் உட்கார்ந்து கிட்டார் பழகிக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு, அந்த இதழிலேயே மனம் அதிகம் துடித்த பக்கம் அதுவாகத்தான் இருந்திருக்கும். வாசகர் உள்ளே நுழைந்து ஏதாவது செய்ய முடிகிற பக்கம் அது ஒன்றுதான்.

அந்த மெலடி மேக்கருக்கு 1999-ல் என்ன செய்தார்கள்? பெரிய செய்தித்தாள் வடிவத்தை விட்டு, சிறிய வழவழப்பு இதழாக மாற்றினார்கள். அலமாரியில் மற்ற இதழ்களோடு போட்டி போட வேண்டுமாம். 2000 டிசம்பரில் அது என்எம்இ-யோடு இணைக்கப்பட்டது, அதாவது முடிந்தது. எழுபத்து நான்கு ஆண்டு வாழ்ந்த இதழ், புதுச் சட்டை போட்ட பிறகு இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை. விற்பனை முன்பே சரிந்திருந்தது என்பது எனக்குத் தெரியும். அதைத் தூக்கி நிறுத்த அட்டை உத்தியே மருந்து என்று நம்பியதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

‘ரோலிங் ஸ்டோன்’ இதழை எடுத்துக்காட்டாமல் யாரும் அட்டைக்கு வாதாடுவதில்லை. அதன் அட்டையில் வருவதே ஒரு விருது என்ற நிலை இருந்தது உண்மைதான். ஆனால் 1967 நவம்பர் 9 தேதியிட்ட முதல் இதழைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஜான் வென்னரும் இசை விமர்சகர் ரால்ஃப் கிளீசனும் தொடங்கியது. மடித்த செய்தித்தாள் வடிவம். முதல் பக்கத்தில் ராணுவ இரும்புத்தொப்பியோடு ஜான் லெனன், ஒரு திரைப்படக் காட்சியிலிருந்து. அவரைச் சுற்றிப் பத்தி பத்தியாகச் செய்தி. மான்டரே இசை விழாவில் வசூலான பணம் எங்கே போனது என்று விசாரிக்கும் கட்டுரை ஒன்று. இந்தப் பக்க அமைப்பை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ‘சண்டே ராம்பார்ட்ஸ்’ என்ற செய்தித்தாளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கட்டுக்கோப்பான பத்திகள், தலைப்பைச் சுற்றி மெல்லியதும் தடித்ததுமாக இரட்டைக் கோடுகள், பழைய செய்தித்தாள் எழுத்துரு. அன்றைக்கு ராக் இசை என்றால் பெரியவர்களுக்கு விடலைப் பையன்களின் கூச்சல். அந்த இசையைப் பற்றி, நாடாளுமன்றச் செய்தியை அச்சிடுகிற அதே கம்பீரத்தோடு ஒரு தாள் பேசுகிறது. தன் ரசனைக்கு மரியாதை கிடைத்ததை வாசகர் ஒவ்வொரு பத்தியிலும் பார்த்தார். ரோலிங் ஸ்டோனின் கவர்ச்சி என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான்.

அட்டையைத்தான் பேச வேண்டும் என்றால் அதையும் பேசுவோம். 1981 ஜனவரி 22 தேதியிட்ட இதழ். அன்னி லீபோவிட்ஸ் எடுத்த படம். ஆடையில்லாத லெனன், கறுப்பு உடையில் மல்லாந்து கிடக்கும் யோகோ ஓனோவைக் குழந்தைபோலக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தமிடுகிறார். லெனனின் கண்கள் மூடியிருக்கின்றன. ஓனோவோ வேறெங்கோ பார்க்கிறார். இருவரில் ஒருவர்கூட நம்மைப் பார்க்கவில்லை. இதழின் பெயரைத் தவிர உள்ளிருப்பதைச் சொல்லும் தலைப்பு ஒன்றும் இல்லை. படம் எடுத்தது 1980 டிசம்பர் 8. அன்று இரவே லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005-ல் அமெரிக்க இதழாசிரியர்கள் சங்கம், முந்தைய நாற்பது ஆண்டுகளின் மிகச் சிறந்த அட்டையாக இதைத் தேர்ந்தெடுத்தது. நேரான பார்வை, அட்டைத் தலைப்புகள், பளிச்சென்ற நிறம் ஆகிய மூன்றுமே இல்லாத அட்டை. ஒரு மாணவர் இதைத் தன் பயிற்சிக்குச் சமர்ப்பித்தால் எத்தனை மதிப்பெண் கிடைக்கும்?

அதே இதழ் 2008 அக்டோபரில் தன் பெரிய அளவைக் கைவிட்டு, எல்லா இதழ்களையும் போலச் சிறிதானது. கடை விற்பனை கூடும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மறுபடியும் அலமாரிதான். 2018-ல் மாத இதழாக மாறியபோது பெரிய அளவுக்கே திரும்பினார்கள். பக்கத்தின் அகலமும் காற்றோட்டமும் வாசகருக்கு என்ன தந்தன என்று புரிந்துகொள்ளப் பத்து ஆண்டு பிடித்திருக்கிறது.

எதிர்த் தரப்பிடம் வலுவான ஓர் உதாரணம் இருக்கிறது. அதை நான் ஒளிக்கப்போவதில்லை. ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’. என்எம்இ-யின் ஆசிரியராக இருந்த நிக் லோகன் 1978-ல் தொடங்கிய பதின்பருவத்தினர் இதழ். அட்டை நிறையச் சிரித்த முகம், மிட்டாய் நிறங்கள், வாசகரை நேராகப் பார்க்கும் கண்கள். எல்லாம் விதிப்படி. விற்பனையோ அமோகம். ஆனால் அந்த இதழின் மையமே பாடல் வரிகள்தான். அன்று வானொலியில் கேட்ட பாட்டின் சொற்களைத் தெரிந்துகொள்ள எளிய வழிகள் குறைவு. தட்டின் உறையிலும் பெரும்பாலும் இருக்காது. முழுப் பக்கத்தில் பாடகரின் படமும், பாட்டின் வரிகளும். பிள்ளைகள் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினார்கள், கூடவே பாடினார்கள். முகம் இருந்தது, ஆம். வரிகள் இருந்ததால் அந்த முகத்துக்குச் சுவரில் இடம் கிடைத்தது.

இதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதே இல்லை. கொட்டகை வாசலில் விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகம் நமக்குத் தெரியும். சாணித்தாள், மங்கிய அச்சு, பாதிக் கதையைச் சொல்லிவிட்டு மீதியைத் திரையில் பார்க்கச் சொல்லும் ஒரு பக்கம், பிறகு பாட்டுகள் வரிசையாக. பாடியவர் பெயர் மேலே, பல்லவி, அனுபல்லவி, சரணம் பிரித்து. அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த வீடுகள் எத்தனை! மார்கழி சீசனில் சபாவுக்குப் போகிறவர்களின் பையைத் திறந்தால் இன்றும் கச்சேரி அட்டவணை இருக்கும். கிருதியின் முதல் வரியைப் பார்த்ததும் ராகத்தைச் சொல்லிவிடும் அகரவரிசைச் சிறுபுத்தகம் இருக்கும். பாடகர் கிருதியைத் தொடங்கிய நிமிடத்தில் பக்கத்து இருக்கை மாமியிடம், “என்ன ராகம், சொல்லுங்கோ” என்று கேட்பதற்குப் பதில் புரட்டப்படும் பக்கம் அது. இருட்டுக் கூடத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறதா என்பதில் அதன் வடிவமைப்பின் முழு வெற்றியும் இருக்கிறது.

இன்னொரு திசையிலிருந்து ஒரு மறுப்பு வரும். விதிகளை உடைத்த துணிச்சலான வடிவமைப்பால் வாசகரை ஈர்த்த இதழ்கள் இல்லையா என்பார்கள். இருந்தன, எனக்கு அவை மிகவும் பிடிக்கும். நிக் லோகனே 1980-ல் தொடங்கிய ‘தி ஃபேஸ்’ இதழில் அதன் வடிவமைப்பாளர் நெவில் பிராடி செய்ததைப் பாருங்கள். ‘உள்ளடக்கம்’ என்ற தலைப்பின் எழுத்துகளை இதழுக்கு இதழ் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக்கொண்டே போனார்; கடைசியில் அது வெறும் உருவமாக நின்றது. மாதாமாதம் வாங்கியவருக்கு மட்டும் புரியும் விளையாட்டு அது. அன்றைக்குத்தான் முதல்முறை கடையில் எடுத்துப் புரட்டுகிறவருக்கு அந்தத் தலைப்பில் ஒன்றும் தெரியாது. தொடர்ந்து வருகிறவரை நினைத்துச் செய்த வடிவமைப்பு என்று நான் இதைத்தான் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ‘ரே கன்’ இதழில் டேவிட் கார்சன் இன்னும் தூரம் போனார். பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி சலிப்பூட்டுவதாக அவருக்குத் தோன்றவே, முழுவதையும் எழுத்துக்குப் பதில் குறியீடுகள் மட்டுமே உள்ள ஓர் எழுத்துருவில் அச்சிட்டுவிட்டார். ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாது. வடிவமைப்பு வகுப்புகளில் இதைப் புரட்சி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அதே இதழின் கடைசிப் பக்கங்களில் அந்தப் பேட்டியைப் படிக்கத்தக்க எழுத்தில் மறுபடியும் அச்சிட்டிருந்ததைச் சேர்த்துச் சொல்வோர் குறைவு. அத்தனை பெரிய கலகக்காரருடைய இதழும் வாசகருக்குரியதைக் கொடுத்துவிட்டுத்தான் விளையாடியது.

பங்க் இசைக் காலத்துச் சிற்றிதழ்களுக்கோ அட்டை என்று சொல்லவே ஒன்றும் இல்லை. 1976 ஜூலையில் மார்க் பெர்ரி என்ற வங்கி எழுத்தர் ‘ஸ்னிஃபின் குளூ’ இதழைத் தொடங்கினார். தட்டச்சு செய்த பக்கங்கள், ஸ்கெட்ச் பேனாவில் கையால் எழுதிய தலைப்புகள், நகல் எடுத்து மூலையில் ஸ்டேபிளர் அடித்தது. முதல் இதழ் ஐம்பது பிரதிதான். ஒரே ஆண்டில் ஆயிரக்கணக்கில் போனது. அடித்தல் திருத்தல்கூட அப்படியே அச்சில் இருக்கும். படித்தவருக்கு, ‘இதை நானும் செய்யலாம்’ என்று தோன்றியது, செய்தார்கள். நாடு முழுக்க இப்படிப்பட்ட இதழ்கள் கிளம்பின. அவற்றில் ஒன்றான ‘சைட்பர்ன்ஸ்’, 1977 தொடக்கத்தில் கிட்டாரின் மூன்று சுரக்கூட்டுகளை (கார்டு) கோணல்மாணலாக வரைந்து, இவ்வளவு தெரிந்தால் போதும், போய்க் குழு ஒன்று தொடங்கு என்று வாசகருக்குச் சொன்னது. எந்த நட்சத்திரத்தின் எந்தப் பார்வையும் ஒரு வாசகரை இந்த அளவுக்கு எழுப்பியிருக்காது.

அடையாளத்துக்கு அட்டை வேண்டாமா என்றால், வேண்டும். கியூவின் சிவப்புச் சதுரமும் கெராங்கின் உடைந்த கண்ணாடி எழுத்தும் தூரத்திலிருந்தே இதழைக் காட்டிக்கொடுத்தன. அது பயனுள்ள வேலை. ஆனால் 1986-ல் தொடங்கிய கியூவைச் சந்தா கட்டி வாங்கியவர்கள் அந்தச் சிவப்புக்காக வாங்கவில்லை. குறுந்தட்டு புதிதாக வந்து, விலையும் அதிகமாக இருந்த காலம். பின்பக்கங்களில் ஐந்து நட்சத்திரக் கணக்கில் மதிப்பிட்டு, புதியதும் மறுபதிப்புமாக வரிசையாக அடுக்கிய நீண்ட விமர்சனப் பகுதியை நம்பி அவர்கள் கடைக்குப் போனார்கள். நட்சத்திரம் ஒரு கணத்தில் பதில் சொல்லும். அதற்குக் கீழே உள்ள பத்தி, ஏன் என்று சொல்லும். அவசரக்காரரும் நிதானக்காரரும் ஒரே பத்தியில் தத்தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் பெயர் எந்த வடிவமைப்புப் பாடத்திலும் வருவதில்லை. எனக்கு அது உண்மையாகவே வருத்தம் தருகிறது.

ஆகவே பயிற்சியைத் தலைகீழாக மாற்றச் சொல்கிறேன். மாணவரிடம் முன்னட்டையைக் கேட்காதீர்கள். ஒரு வாரத்தில் ஒரு நகரத்தில் நடக்கும் அறுபது கச்சேரிகளின் விவரத்தைக் கொடுத்து, ஒரே பக்கத்துக்குள் அமைக்கச் சொல்லுங்கள்: நாள், இடம், நேரம், பாடுபவர், பக்கவாத்தியம், கட்டணம், பஸ் எண் வரைக்கும். பிறகு முப்பது இசைத்தட்டு விமர்சனங்களுக்கு ஓர் இரட்டைப் பக்கம். பிறகு ஒரு பாட்டின் வரிகள், வெட்டி ஒட்டத்தக்கதாக. முடித்ததும் அந்தக் கச்சேரிப் பக்கத்தை, இசையில் ஆர்வமுள்ள, மாணவரை முன்பின் அறியாத ஒருவர் கையில் கொடுத்து, சனிக்கிழமை மாலை வீட்டுக்குப் பக்கத்தில் வயலின் கச்சேரி எங்கே என்று கேளுங்கள். அவர் எத்தனை நொடியில் விரலை வைக்கிறார் என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள். நேரம் மிச்சமிருந்தால், அட்டையைக் கடைசியில் செய்துகொள்ளட்டும்.